உன் ஐந்து ஆடுகளும் என் ஐந்து ஆடுகளும்

வேண்டுமென்றே என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டவளுக்கு,

நேற்று சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் பேய் மழை. குடை இருந்தும் நனைந்தேன். சாலையோர ஏடிஎம் வாசலில் ஒதுங்கலாம் என்று ஓடினால், எனக்கு முன்னாலேயே அங்கே ஆடுகள் ஒதுங்கியிருந்தன. காவலாளி விரட்டிப் பார்த்து அலுத்துப்போய், தன் நாற்காலியை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டை ஆடு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று கொஞ்சம் நகர்ந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன். நனைந்த ஆட்டு வாசனை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாசனையோடுதான் நீ தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவாய். கூட்டம் பிதுங்கும் மகளிர் பெட்டியில்கூட உன்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். “பாத்தியா மேடம், நமக்கு மட்டும் ரிசர்வேஷன்” என்று என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பாய்.

என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. நான் ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தேன். நீ போய், அடுத்த மழையும் வந்துவிட்டது. இத்தனை மாதமாக உனக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்து என்னைக் காப்பாற்றியது. நேற்று எந்த வேலையும் வரவில்லை. ஈரத்தலையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு அந்த ஆராய்ச்சித் திட்டத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நீ அனகாபுத்தூர், நான் ராஜகீழ்ப்பாக்கம். உன் அத்தாவுக்குப் பல்லாவரத்தில் தோல் வியாபாரம். “எங்க அத்தா தோலைப் பாத்துப்பாரு, உள்ள இருக்கிற ஆட்டை நான் பாத்துக்கறேன் சார்” என்று நேர்முகத்தேர்வில் சொன்னவள் நீ. உள்ளே எல்லாரும் சிரித்தது வெளியே காத்திருந்த எனக்குக் கேட்டது. இந்த வேலை நமக்கு இல்லை என்று முடிவு கட்டி, பைக்குள் சான்றிதழ்களை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். அன்று ரயிலில் திரும்பும்போது நான் கொண்டுவந்த தயிர்சாதத்தை நீதான் முழுக்கச் சாப்பிட்டாய்.

நம் வேலை ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு புதுத் தடுப்பூசி. மூக்கும் கண்ணும் ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சல் கண்டு, ஒரு பட்டியையே காலி செய்துவிடும் நோய் அது. அதற்கு ஏற்கெனவே நல்ல தடுப்பூசி இருந்தது. வீரியம் குறைத்த முழு வைரஸை ஐஸில் வைத்துக் கொண்டுபோய்ப் போடுவார்கள். அதில் ஒரு சங்கடம். அந்த ஊசி போட்ட ஆட்டையும், நோய் வந்து பிழைத்த ஆட்டையும் ரத்தப் பரிசோதனையில் பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம் ஊரில் நோய் ஒழிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால் வைரஸையே விட்டுவிட்டு, அதன் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு புரதத்தை மட்டும் தயாரித்து ஊசியாகப் போடலாம் என்பது நம் யோசனை. ஆட்டின் உடம்பு அந்த வெளிப்புரதத்துக்கு மட்டும் எதிர்ப்பொருள் செய்யும். வைரஸுக்குள் இருக்கும் உட்புரதத்தை அது பார்த்தே இருக்காது. ஒரு ஆட்டின் ரத்தத்தில் இரண்டுக்குமே எதிர்ப்பொருள் இருந்தால், முழு வைரஸ் அதன் உடம்புக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். பார்க்க வருகிறவர்களிடம் நீ இதை எளிமையாகச் சொல்வாய். “வந்தவன் மூஞ்சிய மட்டும் பாத்துதா, அவன் பைக்குள்ள இருந்ததையும் பாத்துதா? ரத்தத்தைக் கேளுங்க, அதுக்கு மறதி கெடையாது.”

ஆடு உன் பொறுப்பு, பரிசோதனை என் பொறுப்பு. ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்தோம். அதில் பத்து ஆடுகள். காலையில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் நீ என்னோடு ஆய்வகத்துக்கு ரயில் ஏறுவாய். ஐந்துக்கு நான் தயாரித்த புரதம். மீதி ஐந்துக்கு வெறும் உப்புநீர். அவைதான் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஆடுகள். நாம் ‘கன்ட்ரோல்’ என்போம். எந்த ஆடு எதில் என்பது உனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், பரிசோதனைத் தட்டில் நிறம் மாறுவதைப் பார்க்கும்போது கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். இது எல்லா ஊரிலும் உள்ள முறைதான். நான்தான் அதை மடி ஆசாரம்போல் ஆக்கிவிட்டேன்.

கொட்டகைக்கு வரமாட்டேன். கொட்டகை இருந்த தெருவிலேயே கால் வைக்கமாட்டேன். காய்கறி வாங்கப் போவதென்றால்கூட காமராஜபுரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். ஆடு தும்மியது என்றுகூட நீ என்னிடம் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டேன். நீ அதை வைத்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? “மேடம், இன்னிக்கு ஒருத்தர் இன்னொருத்தர முட்டிட்டாரு. யார் யாருன்னு மட்டும் கேட்டுடாதீங்க” என்பாய். நான் காதைப் பொத்திக்கொள்வேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நம் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நோன்பு மாதத்தில் உன் வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி கொண்டுவருவாய். அதைக் கொடுக்கும்போதும், “சாப்பிடு, இதுல ஆட்டு சமாச்சாரம் எதுவும் இல்ல” என்பாய். உண்மையில் அதில் கறி இருந்தது.

அந்த வருடம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஒருநாள் ரயிலில் நீ சிரிக்காமல் வந்தாய். “ஏரிக்கரைல நோய் வந்துடுச்சுடி. பக்கத்து ஆடெல்லாம் மூக்கு ஒழுகிட்டு நிக்குது” என்றாய்.

“நம்ம ஆட்டைப் பத்திச் சொல்லாதே” என்றேன்.

“நம்ம ஆட்டைப் பத்திச் சொல்லல. ஊரைப் பத்திச் சொல்றேன்.”

“ஒரு விதத்துல நல்லதுதான். நாம கேக்காமலே இயற்கை ஒரு டெஸ்ட் வெக்குது. நம்ம ஊசி தாங்குதான்னு தெரிஞ்சிடும்” என்றேன்.

“கன்ட்ரோல் அஞ்சும் செத்துடும்.”

“அதுக்குத்தானே அது கன்ட்ரோல்.”

குரோம்பேட்டை தாண்டும்வரை நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஏதோ கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். அது என்ன கட்டுரை என்று இப்போது நினைவில்லை. நீ பேசாமல் வந்தது நினைவிருக்கிறது. அப்போது அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வந்தாய். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சுடிதார் முழங்கால்வரை சேறு. தலையில் போட்டிருந்த துப்பட்டா நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உன் முகத்தைப் பார்த்ததுமே ஆட்டு விஷயம் என்று தெரிந்துவிட்டது.

“ஆட்டைப் பத்தியா?”

“ஆமாடி, ஒரு நிமிஷம் கேளு...”

“வேண்டாம். ரத்தம் எடுத்து, டெஸ்ட் முடியட்டும். அப்புறம் எல்லாத்தையும் சொல்லு.”

“இது அப்படி இல்லடி.”

“எப்படி இருந்தாலும் வேண்டாம்.”

அம்மா உனக்குக் காபி கொடுத்தாள். நீ படியில் உட்கார்ந்து குடித்தாய். என் பக்கம் பார்த்து இரண்டு தடவை வாயைத் திறந்தாய். நான் விரலைக் காட்டி மிரட்டினேன். நீ சிரித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாய். நான் எவ்வளவு கறாரானவள் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நீ ரத்தம் எடுத்துவந்தாய். அதில் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரித்து, குறியீட்டு எண் போட்டு என்னிடம் கொடுத்தாய். இரண்டு தட்டுகள் வைத்தேன். ஒன்றில் வெளிப்புரதம் பூசியது, இன்னொன்றில் உட்புரதம் பூசியது. எதிர்ப்பொருள் இருந்தால் குழியில் மஞ்சள் வரும். முதல் தட்டில் ஐந்து ஆடுகளின் குழிகள் மட்டும் மஞ்சளாக வேண்டும். இரண்டாவது தட்டு வெறும் தண்ணீராக, நிறமே இல்லாமல் இருக்க வேண்டும். இதுதான் நான் இரண்டு வருடமாகக் கண்ட கனவு. முதல் தட்டில் பத்து ஆடுகளுமே மஞ்சள் காட்டின. இரண்டாவது தட்டில் ஐந்து ஆடுகள் நல்ல மஞ்சள். மற்ற ஐந்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு வெளிறிய சாயல். அந்தச் சாயலை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. தட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். நல்ல மஞ்சள் காட்டிய ஐந்துதான் என்னை உலுக்கியது. அந்த ஐந்தின் உடம்புக்குள் முழு வைரஸ் போயிருக்கிறது.

நம் கைடு சார் உன்னைக் கூப்பிட்டு, எந்த எண் எந்த ஆடு என்று சொல்லச் சொன்னார். நல்ல மஞ்சள் காட்டிய ஐந்தும் கன்ட்ரோல்.

“ஏரிக்கரைக்கு கவர்மென்ட் தடுப்பூசி கேம்ப் வண்டி வந்துது சார். காய்ச்சல் இல்லாத தெரு ஆடு எல்லாத்துக்கும் ஊசி போட்டாங்க. நம்ம கன்ட்ரோல் அஞ்சையும் வரிசைல நிறுத்திட்டேன்” என்று நீ சொன்னாய். குரலில் நடுக்கம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “அப்ப இந்த ட்ரயல் செல்லாது. முதல்லேருந்து செய்யணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்புறம் நாம் இரண்டு பேர்தான். நாம் பேசியதை நான் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் தெரியுமா.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேன். நீதான் விடல.”

“என்னைத் தள்ளிட்டு வந்து சொல்லியிருக்கணும்.”

“சரி, இப்பக் கேளு. உன் அஞ்சும் நல்லா இருக்குடி. ஒருதடவ வந்து பாரு. அங்க...”

“கன்ட்ரோல் இல்லாம அது உசுரோட இருந்தா என்ன, செத்தா என்ன?”

சொன்னது அவ்வளவுதான். நீ கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாய். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாய். அன்று நீ எனக்கு முன்னால் ரயில் ஏறிவிட்டாய். அந்த மாதக் கடைசியில் திட்டத்தை விட்டே விலகினாய். நான் தடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இல்லை என்பதற்காக நான் மாற்றிப் பேசப்போவதில்லை. நீ செய்தது தப்பு. கன்ட்ரோல் ஆட்டுக்கு ஊசி போடுவதென்றால் முதலில் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். இதை இப்போதும் உன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். நீயும் பதிலுக்கு ஏதாவது சொல்வாய். நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சண்டை என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? அதை ஐந்து வருடம் இழுத்துவிட்டேன் என்பதுதான் என் துக்கம்.

புது ஆடுகளை வாங்கி, வெளி ஆள் யாரும் நுழைய முடியாத ஒரு கொட்டகையில், நோயின் காற்றுகூடப் படாமல் முழு ட்ரயலையும் மறுபடி செய்தேன். முதல் தட்டில் ஐந்து மஞ்சள். இரண்டாவது தட்டில் ஒன்றுமில்லை. கனவு கண்ட மாதிரியே வந்தது. கட்டுரை வெளியானது, பட்டம் கிடைத்தது, காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. ஆனால் ஊசி வரவில்லை. எதிர்ப்பொருள் உண்டாகிறது, சரி, உண்மையான நோயைத் தாங்குமா, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். என்னிடம் ஆதாரம் இல்லை. அடுத்த கட்டத்துக்கு அனுமதி வரவில்லை. திட்டத்தை மூடிவிட்டார்கள்.

நீ ஆற்றோர ஊர்களில் ஆடு மாடு பார்க்கிறாய் என்று மட்டும் கேள்விப்பட்டேன். ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் உன்னைப் பார்த்தேன். தோளில் ஐஸ் பெட்டி. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாய். கொஞ்சம் பருத்திருந்தாய். கூப்பிடும் தூரம்தான். நான் புத்தகக் கடைப் பக்கம் திரும்பி, எனக்கு வேண்டாத ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டினேன். நீ என்னைப் பார்த்தாயா என்று தெரியாது. பார்த்திருந்தால் நிச்சயம் கூப்பிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன வருட மழையில் அடையாறு கரை மீறியபோது, அனகாபுத்தூர்க் கொட்டகைகளில் தண்ணீருக்குள் நின்று மாடு பார்த்தாயாம். காய்ச்சல் வந்தது. நீயே மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாளும் போனாயாம். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. மாட்டுக்கு என்றால் முதல் நாளே ரத்தம் எடுத்து அனுப்பியிருப்பாய். நம் கூடப் படித்தவள் ஒருத்தி அனுப்பிய எஸ்எம்எஸ் எனக்கு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வந்தது. அன்றே அடக்கமும் முடிந்திருந்தது. உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் அக்கா என்னைப் பார்த்ததும், “நீதான் அந்த மேடமா?” என்றார். உள்ளே கூட்டிப்போனார். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஓர் ஓரமாக, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து வந்திருந்த கன்னியம்மா. நம் கொட்டகைக்குப் பக்கத்து வேலி. நான் வேலை செய்த காலத்தில் அவரைப் பார்த்ததே இல்லை, அந்தப் பக்கம் வந்தால்தானே! நீ திட்டத்தை விட்ட பிறகும், லீவு நாளில் பஸ் பிடித்துப் போய் அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். இரண்டு பேருக்கும் ஒரே வழி. சேர்ந்து பஸ் ஏறினோம்.

பம்மல் தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார். “நீதான் அந்த அஞ்சு ஆட்டுக்கு மருந்து செஞ்ச பொண்ணா?”

“ஆமாக்கா.”

“அந்த ஊசி கேம்பு வந்தப்ப நான் டாக்டரம்மாவாண்ட சண்டை போட்டேன். இன்னா டாக்டரம்மா, அஞ்சுக்கு மட்டும் போட்டுகினு, மீதி அஞ்சை இஸ்த்துகினு போற, அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சுன்னு. அதுங்களுக்கு எங்க மேடம் செஞ்ச மருந்து இருக்கு, அது போதும்ன்னுச்சு. எனக்கின்னா தெரியும்? சரின்னு வுட்டுட்டேன்.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“என் ஆடுங்களுக்கு அன்னிக்கி ஊசி போடல. காய்ச்ச கண்டுட்டா போடக் கூடாதாமே. வண்டி ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அப்பறம் ஏரித் தண்ணி எங்க வூட்டுக்குள்ள வந்துச்சு. நான் ரோட்டுல நின்னுகினு அழுதேன். டாக்டரம்மாதான், எங்க போவும் அதுங்கன்னு சொல்லி, என் ஆடுங்கள உங்க கொட்டாயில வுட்டுச்சு. எல்லாம் ஒரே தொட்டில தண்ணி குடிச்சிச்சுங்க. என்னுதுல பாதிக்கு மேல அங்கியே செத்துப்போச்சு. கண்ணு முன்னாடி. உங்குளுது ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல. கேம்பு ஊசி போட்ட அஞ்சும் நல்லா நின்னுச்சு. அது போடாத உன் அஞ்சும் தழை தின்னுகினு நின்னுச்சுங்க.”

“நெஜமாவா அக்கா?”

“நான் இன்னாத்துக்குப் பொய் சொல்றேன்? கடைசியா என் செவலைக் குட்டி செத்துச்சு. அத்தப் பொதச்சிட்டு வந்து டாக்டரம்மா அந்த அஞ்சையும் ஒண்ணொண்ணா வாயத் தொறந்து பாத்துச்சு. அப்பறம் என் கையப் புட்ச்சிகினு, கன்னியம்மா, எங்க மேடத்தாண்ட சொல்லிட்டு வந்துடறேன், இத்த மட்டும் சொல்லியே ஆவணும்ன்னுட்டு சேத்தோட ஓடுச்சு. மூஞ்சில அப்டி ஒரு சந்தோசம். என் ஆடு செத்த நாளு, எனக்குக் கொஞ்சம் கோவம்கூட வந்துச்சு. திரும்பி வந்தப்ப ஒண்ணும் பேசல.”

இத்தனை வருடமாக நீ அன்று தப்பை ஒப்புக்கொள்ள வந்தாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கன்ட்ரோல் இல்லை, கன்ட்ரோல் இல்லை என்று உன்னிடம் கத்தினேனே, அது நம் கொட்டகைக்குள்ளேயே, பக்கத்து வேலி ஆடுகளாக வந்து, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து, ஊசி எதுவும் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது. அவற்றுக்கு ஒரு சொந்தக்காரியும் இருந்தார். என் ஐந்து ஆடுகளும் அந்த நோயின் நடுவில் நின்று தாங்கியிருக்கின்றன. இரண்டாவது தட்டில் அந்த ஐந்தில் தெரிந்த வெளிறிய சாயலை, கழுவாத தட்டு என்று ஒதுக்கினேனே, அது என்ன என்று பஸ்ஸில்தான் புரிந்தது. நோய் அவற்றுக்குள் நுழைந்து பார்த்திருக்கிறது. தங்க முடியாமல் வெளியேறியிருக்கிறது. போகும்போது உட்புரதத்தின் நினைவைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. திட்டத்தை மூடியவர்கள் என்னிடம் கேட்ட ஆதாரம் அதுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் அந்தத் தெருவுக்கு வந்திருந்தால் போதும்.

என் புரதத்தை என்னைவிட அதிகமாக நம்பினவள் நீ. நான் தட்டில் நிறம் வருமா என்று பார்த்தேன். நீ ஐந்து உயிரை அதன் பொறுப்பில் விட்டாய். அப்படிப்பட்டவளிடம்தான், உயிரோடு இருந்தால் என்ன, செத்தால் என்ன என்று கேட்டேன். அந்த வார்த்தை எனக்கு இப்போது எவ்வளவு வலிக்கிறது என்று சொன்னால், “போடி, அதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிக்கிறா” என்பாய். நீ ஞாபகம் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்புறம் சொல்லவே இல்லை.

தாம்பரம் வந்து, பஸ் மாறி உட்கார்ந்த பிறகு கன்னியம்மா கேட்டார். “அந்த ஊசி இப்ப எங்கம்மா கெடைக்குது? அடுத்த மழைக்கு முன்னாடி போட்டுடணும்.”

“அது வெளிய வரலக்கா.”

“ஏன்? நல்லாத்தான வேல செஞ்சிச்சு?”

நான் கையில் இருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இறங்கும்வரை அவரும் விடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மனசு உன்னை ரொம்பத் தேடுகிறது. உனக்குச் செய்ய இனி என்ன இருக்கிறது என்று யோசித்து, எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். இந்த வருடம் மழை பிடிப்பதற்கு முன்னால், கேம்ப்பில் போடும் அதே பழைய தடுப்பூசியை வாங்கி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். பெட்டி இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. கன்னியம்மா ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுத்தார். நான் தோலைத் தூக்கி ஊசி போட்டேன். நடுவில் ஒரு குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு, என் கையில் இருந்த மருந்துக் குப்பியைப் பார்த்து, “இது உன்னுதாம்மா?” என்று கேட்டார்.

“இல்லக்கா” என்றேன்.